ஜுமாதிலின் பூட்ஸ்

குதிரை மேய்ப்பதைத் தவிர என் கணவர் ஜுமாதிலுக்கு வேறொன்றும் தெரியாது. ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் நாஸ்கூல் அம்லோடிபின் மாத்திரை எழுதிக் கொடுத்தாள். கொதிப்பு அடங்கியது. ஆனால் இரண்டு கணுக்காலும் வீங்கி, பூட்ஸ் ஏற மறுத்தது.

“ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுப் போங்களேன்,” என்றேன்.

“செருப்போட ஏறினா குதிரையே சிரிக்கும்டி!”

எனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மலை மேய்ச்சலுக்குக் கிளம்பிய காலையில் பூட்ஸ் சுலபமாக ஏறியது. “பாத்தியா கெழவி, மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்!” என்று வாசலில் குதித்துக் காட்டினார். நாரின் ஆற்றைத் தாண்டுவதற்குள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, சேணத்திலிருந்து சரிந்தார். வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

துக்கம் கேட்க வந்த நாஸ்கூல் அழுதாள். “அந்த மாத்திரை சில பேருக்குக் காலை வீங்க வைக்கும்க்கா. வந்து சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேன், இல்ல வேற மாத்திரை கொடுத்திருப்பேன்.”

“அதை எழுதிக் கொடுத்த அன்னைக்கே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?”

கதவோரம் அவருடைய பூட்ஸ் நின்றது. அவர் உடலைக் கொண்டுவந்து கிடத்திய அன்று அதைக் கழற்றியவள் நான்தான். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை.