வரப்பில் உட்கார்ந்த நாள்

கூலித் தகராறு நடந்த வருஷம். வெளியூர் ஆட்களை இறக்கிவிடுவதாகப் பண்ணையில் மிரட்டியதால், மதியச் சோற்றுக்குக்கூடக் கரையேறாமல் நாற்று நட்டோம். எனக்கு மாதவிலக்கு நின்றுபோனது. பிள்ளை என்று மாமியார் பூரித்தார்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா, “பிள்ளை இல்லம்மா. சோறு, ஓய்வு இல்லாம உழைச்சா மாதவிலக்குக்கான சுரப்பை மூளையே நிறுத்திடும். இப்படியே போனா பிள்ளைக்கு வழியில்லை” என்றார்.

மறுநாள் உச்சிவெயிலில் நாற்றுமுடியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன்.

“என்னடி மகாராணி, இடுப்பு நோவுதா?” என்றார் நடவை மேற்பார்த்த பண்ணைக் காரியக்காரர்.

ஆண்களிடம் அதுவரை வாய் திறக்காதவள் நான். “என் உடம்பே வேலைநிறுத்தம் பண்ணுதுங்க. சாப்பிட்டுத்தான் எந்திரிப்பேன்” என்றேன்.

மற்ற பெண்களும் ஒவ்வொருவராகக் கரையேறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாதி நட்ட வயலைப் பார்த்தபடி அவர் நின்றார்.

பிறகு பிள்ளை பிறந்ததா என்று கேட்பார்கள். பிறந்தது. பிறக்காமல் போயிருந்தாலும் அன்று உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.