எதைச் சாப்பிட்டுத் தேறினீங்க?

டெய்லர் அண்ணனிடம் அளவு கொடுக்கப் போனவர்களுக்கெல்லாம் அந்த மழைக்காலம் முழுக்க ஒரே குழப்பம். டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்து, மூச்சை இழுக்கச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு உடம்பு முடியாமப் போனப்போ எதைச் சாப்பிட்டுத் தேறினீங்க?" என்று கேட்பார். வந்தவர் மூச்சை விடுவதா, பதில் சொல்வதா என்று திண்டாடுவார்.

நான் பக்கத்து இஸ்திரிக்கடைக்காரி. அவர் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் தும்மினால் எனக்குச் சளி பிடிக்கும். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை, எல்லாம் தானாக வந்து காதில் விழும்.

அண்ணிக்குக் குடலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இன்னொன்று பாக்கி. குட்டையாக, உருண்டையாக இருப்பாள் என்பதாலும், கடைக்கு வரும் சட்டைகளுக்கெல்லாம் பட்டன் வைப்பவள் அவள்தான் என்பதாலும் அண்ணன் அவளைப் பட்டன் என்றுதான் கூப்பிடுவார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பட்டன் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாற்பது கிலோவுக்குக் கீழே இறங்கிவிட்டால் அடுத்த ஆபரேஷனை உடம்பு தாங்காது, கத்தி வைக்க மாட்டோம் என்று டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். போன தடவை எடை பார்த்தபோது முள் நாற்பதுக்கு மேலே மயிரிழையில் நின்றதாம். நர்சிடம் கெஞ்சி அந்த எண்ணை அண்ணிக்குச் சொல்லாமல் பார்த்துக்கொண்டார்.

காரணம் இருந்தது. அண்ணியின் அக்கா இதே நோயில் இளைத்து இளைத்துப் போனவள். "ஒருநாள் என் சட்டை எனக்குத் தொளதொளன்னு ஆச்சுன்னா, அன்னிக்கே நான் போயிட்டேன்னு வச்சுக்கோங்க" என்று அண்ணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அண்ணனிடம் சொன்னாளாம். அதைக் கேட்டதிலிருந்து அண்ணன் பாதி ஆளாகிவிட்டார்.

வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர், கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டு அடுப்படியே கதியென்று கிடந்தார். லாரி டிரைவர் ஒருவர் சொன்னார்: உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரைக் கொட்டாதீங்க மாஸ்டர், அதிலேயே மசிச்சுப் பாலை ஊத்தி மிளகுத்தூள் போடுங்க. பேங்க்கில் வேலை பார்க்கும் அம்மா சொன்னது வேறு. மிஞ்சிய சோற்றை மறுபடி தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, அடுப்பை அணைத்த பிறகு முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்க வேண்டும். அடுப்பு எரியும்போது ஊற்றினால் முட்டை திரிதிரியாகப் போய்விடும். பாட்டு வாத்தியார் ஆப்பிளைத் துருவி வெண்ணெயில் வதக்கச் சொன்னார். அண்ணன் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. டிரைவர் சொன்னதைப் பேங்க் அம்மாவுக்கும், பேங்க் அம்மா சொன்னதை வாத்தியாருக்கும் சொல்லி அனுப்புவார். பேன்ட் தைக்க வந்தவர் ஒரு சூப்பும் தெரிந்துகொண்டு போவார்.

இதில் அவருடைய சொந்தக் கைவரிசையும் உண்டு. ஒருநாள் ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்துக் கிளறி எடுத்து வந்தார்.

"இது எப்படி இருக்கு, சொல்லு தங்கச்சி."

"போஸ்டர் ஒட்டலாம்ணே."

அண்ணிக்குப் போகும் முன் எல்லாம் என் வாய்க்குத்தான் வந்தன. அண்ணி ரெண்டு ஸ்பூனோடு தள்ளி வைத்ததும் திரும்பி என்னிடமே வந்தது. அவளுக்கு ஏற வேண்டிய சதையெல்லாம் எனக்கு ஏறியது. என் சட்டையின் அக்குள் பிய்ந்துகொண்டு நின்றபோது எனக்கே அவமானமாக இருந்தது. அண்ணன் அதை வாங்கி, ஓரத் தையலைப் பிரித்து அகலமாக்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணியின் துணிகளைத் தேய்ப்பதும் நான்தான். ஒருநாள் அவளுடைய பழுப்புச் சட்டையை உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். விலாப்பக்கம் பெட்டி தடுக்கியது. துணி அங்கே தடியாக மடிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழைய தையல் ஒன்று, அதற்கு உள்ளே ஒன்று, அதற்கும் உள்ளே புதுசாக இன்னொன்று. அலமாரிக்குப் போக இருந்த மற்ற சட்டைகளையும் திருப்பினேன். எல்லாவற்றிலும் இதே கதை.

துணி துவைத்து வரும்போதெல்லாம் அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவள் இளைக்க இளைக்கச் சட்டையும் கூடவே இளைத்திருக்கிறது. வீட்டில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி மட்டும்தான் உண்டு. மருந்தினால் முகம் வேறு ஊதியிருந்தது. ஆளுயரக் கண்ணாடி கடையில்தான் இருக்கிறது, ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணி கடைப் பக்கம் வரவே இல்லை.

இது அவர்கள் விஷயம், நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் கை வேலையில் நிற்கவில்லை. அடுத்த எடை பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் தடுப்புக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள்ளிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"எதுக்குங்க இப்படித் தின்னு தின்னுன்னு உயிரை வாங்குறீங்க? என் உடம்பு எங்க இறங்கிச்சு? சட்டையெல்லாம் கச்சிதமாத்தானே இருக்கு. பசிச்சா நானே கேக்கமாட்டேனா?"

கிண்ணம் நகர்த்தும் சத்தம் வந்தது. அண்ணன் கிண்ணத்தோடு கடைக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பழுப்புச் சட்டையோடு போய் அவர் முன்னால் விரித்தேன்.

"ஊரையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சமைக்கிறீங்க. அவங்க ஏன் சாப்பிடணும்? இளைக்கவே இல்லைன்னு நீங்கதானே தச்சுக் குடுத்திருக்கீங்க!"

"கத்தாத. அவ காதுல விழும்."

"விழட்டும்ணே. ஆஸ்பத்திரித் தராசை எப்படிப் பிடிச்சுத் தைப்பீங்க?"

அண்ணன் மெல்லக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ பயந்துடுவா தங்கச்சி. பயத்துலயே போயிடுவா."

"பயந்தாலாவது சாப்பிடுவாங்க. பிரிங்க. இல்லைன்னா நான் பிரிக்கிறேன்."

பிளேடை எடுத்தார். எத்தனையோ கல்யாணத் துணிகளில் நூல் நூலாகப் பிரித்து எடுத்த கை, அந்தச் சாதாரணப் பருத்திச் சட்டைக்கு மேலேயே நின்றுவிட்டது. எனக்கு அவரைத் திட்டியது தப்போ என்றுகூடத் தோன்றிவிட்டது.

அப்போதுதான் பின்வாசல் திரை விலகியது. அண்ணி சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

சட்டை உள்பக்கம் திரும்பித்தான் கிடந்தது. அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷமாக அந்தக் கடையின் தையல் ஓரங்களை முடித்தவள் அவள். வந்து உட்கார்ந்து, விரலை ஒவ்வொரு தையலாக வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

"இவ்வளவு தூரமா இறங்கிட்டேன்?" என்றாள்.

அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நாற்பது கிலோ, டாக்டர், நர்ஸ் எல்லாம். அண்ணி கத்தவில்லை. பிளேடை அவர் கையிலிருந்து வாங்கித் தையல்களை அவளே பிரித்தாள். உள்ளே போய் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது சட்டை. அவள் உதடு வெளுத்துப் போனதை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான் பட்டன்."

விலாப்பக்கம் தொங்கிய துணியைக் கையால் அள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"போறவன் வர்றவனையெல்லாம் எதைத் தின்னு தேறினேன்னு கேக்குறீங்களே, உள்ள இருந்து எனக்கும்தான் கேட்டுச்சு. என்னை ஒரு நாள் கேட்டீங்களா?"

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும்தான். அவளையே கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளைக் கேட்டால் நீ நோயாளி என்று சொன்னதாகிவிடும் என்று பயந்து, தெருவையெல்லாம் கேட்டிருக்கிறார் மனிதர்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து கிடந்தப்போ நானே செஞ்சுக்குவேன்," என்றாள் அண்ணி. "காஞ்ச ரொட்டியை உதுத்து வெண்ணெயில முறுமுறுன்னு வறுக்கணும். பாலைத் தனியாச் சூடா வச்சுக்கிட்டு, ஒரு வாய்க்கு ஒரு கை தூவித் தூவிச் சாப்பிடணும். மொத்தமாக் கொட்டினா ஊறிப் போயிடும். சர்க்கரை வேண்டாம், உப்பு ஒரு சிட்டிகை. நீங்க எல்லாத்தையும் குழைச்சுக் குழைச்சே குடுக்குறீங்க. எனக்குப் பல்லுல கடிபடணும்."

அன்று அவள் ஒரு கிண்ணம் முழுதாகச் சாப்பிட்டாள். பாதியில் குமட்டியது. நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி சாப்பிட்டாள். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார், நான் அவரைத் திட்டி வெளியே அனுப்பினேன்.

அந்தப் பழுப்புச் சட்டையில் மட்டும் அவள் ஒரு வேலை வைத்தாள். "இப்ப இருக்கிற உடம்புக்கு ஒட்டினாப்ல, கையால லேசா நூல் ஓட்டிக் குடுங்க. மெஷின் தையல் வேண்டாம். நான் தின்னே அறுக்குறேன்."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். சில நாள் நாலு வேளை இறங்கும். சில நாள் எல்லாம் வெளியே வந்துவிடும். நாங்கள் மூன்று பேரும் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவே இல்லை.

எடை பார்க்கப் போகிற நாளும் வந்தது. அண்ணி அதே சட்டையைத்தான் போட்டிருந்தாள். ஆட்டோவில் ஏறக் குனிந்தாள். டப் என்று ஒரு சத்தம். மூவருக்கும் கேட்டது. அண்ணி விலாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நூல் அறுந்துடுச்சுங்க."

அண்ணன் பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் ஊசியைத் தேடினார். "தைக்காதீங்க," என்றாள் அண்ணி. குனிந்ததாலும் அறுந்திருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர்கள் போன பிறகு எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. யாருடைய வெள்ளைச் சட்டையிலோ பெட்டியை வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்று, காலரைக் கருக்கிவிட்டேன். சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. அண்ணிதான் முதலில் இறங்கினாள்.

"நாப்பதைத் தாண்டிடுச்சு. ஆபரேஷனுக்கு நாள் குடுத்துட்டாங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. இத்தனை நாள் எடைக்குப் பயந்தவர், நாள் குறித்ததும் ஆபரேஷனுக்குப் பயப்பட ஆரம்பித்துவிட்டார். கடைக்குள் வந்து, மெஷின் உறையை எடுத்தார், மறுபடி மூடினார். வாசலில் பேன்ட் துணியோடு ஒருவர் காத்திருந்தார். அண்ணன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவரிடம் போனார். வழக்கமான கேள்வியைத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

பாதியில் நின்று திரும்பி, அண்ணியைப் பார்த்துக் கேட்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் உனக்கு என்ன செஞ்சு தரட்டும் பட்டன்?"