பார்க்காத சீட்டு

சாப்பாட்டுத் தூக்கைத் திறந்ததும் சங்கிலியம்மாளின் கண் அடுத்தவர் தூக்குக்குப் போய்விடும். என்ன குழம்பு என்ற விசாரணை கிடையாது; ஆள் எப்படிச் சாப்பிடுகிறார் என்பதுதான் கணக்கு. அய்யம்மாள் பொரித்த முட்டையை ஓரமாக ஒதுக்கி வைத்துக் கடைசி உருண்டைக்குத்தான் தொடுவார். உமாதேவி தன் தூக்கை அப்படியே வைத்துவிட்டு நாலு பேர் தூக்கிலும் விரல் விட்டு ருசி பார்ப்பார். ஜீப் ஓட்டுகிற முத்துராஜா உட்காருவதற்கு முன்பே மூடியைத் திறந்து முகர்ந்து, ஆம்லெட்டை இரண்டே வாயில் முடித்துவிட்டு, மிச்சச் சோற்றோடு வெறும் ரசத்தில் மல்லுக்கட்டுவான். கை கழுவிவிட்டுச் சீட்டாட உட்காரும்போது சங்கிலியம்மாளுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்திருக்கும்.

சுருளிப்பட்டிக்காரர். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. இருட்டோடு கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் மூத்தவர். மழை வலுத்த நாட்களில் தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு, "இன்னு பணியில்லா" என்று கையை விரித்துவிடுவார். ஜீப் சாயங்காலம்தான் மலையிறங்கும். அதுவரை ஈரச் சேலையோடு என்ன செய்வது? காய் உலர்த்தும் ஸ்டோரின் சூட்டுச் சுவரோரம் சாக்கை விரித்து மூணு சீட்டு ஆடுவார்கள்.

புருவத்தை உயர்த்த வேண்டாம். அங்கே காசு புழங்குவதில்லை, புளியங்கொட்டைதான் புழங்குகிறது. குழம்புக்குப் புளி கரைக்கும்போதெல்லாம் கொட்டையைக் கழுவிக் காயவைத்து ஒரு பழைய பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார் சங்கிலியம்மாள். ஆளுக்கு ஒரு டம்ளர் கொட்டை. தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும், கைமாற்று கிடையாது. ஜெயித்தவருக்குத் திரும்பும்போது ஜீப்பின் முன் சீட்டு. தோற்றவர் பின்பக்க விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

ஆட்டத்தில் சூட்சுமம் அதிகமில்லை. மூன்று சீட்டு வரும். நல்லதாக வந்தால் கொட்டையை ஏற்றிக்கொண்டே போகலாம், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். சீட்டை எடுத்துப் பார்க்காமலே ஆடவும் இடமுண்டு. அதற்கு அங்கே இருட்டாட்டம் என்று பெயர். இருட்டில் ஆடுகிறவர் ஒரு கொட்டை வைத்தால், சீட்டைப் பார்த்துவிட்டு ஆடுகிறவர் இரண்டு வைக்க வேண்டும். அதோடு, பார்த்தவர் பார்க்காதவரிடம் "சீட்டைக் காட்டு" என்று கேட்கவும் முடியாது. வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது கவிழ்க்க வேண்டும். இருந்தாலும் நெடுநேரம் இருட்டில் தாக்குப்பிடிக்கிறவர்கள் குறைவு. எதிராளி கொட்டையை அள்ளி அள்ளி வைக்கும்போது கை தானாகச் சீட்டுக்குப் போய்விடும்.

"சீட்டப் பாத்து ஆடுறவளுக்குச் சீட்டுதான் தெரியும். ஆளுக்குத் தக்கன ஆடணும்டி" என்பார் சங்கிலியம்மாள். அய்யம்மாளோடு ஆடும்போது கையில் உருப்படாத சீட்டு இருந்தாலும் எடுத்த எடுப்பில் கொட்டையை ஏற்றிவிடுவார். அய்யம்மாள் பாவம், உடனே கவிழ்த்துவிடுவார். அதே அய்யம்மாள் என்றைக்காவது தானாக ஏற்றினால் சங்கிலியம்மாள் இருக்கிற நல்ல சீட்டையும் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிவிடுவார். "ஆத்தாடி, அங்கன நிக்கவே கூடாது. அவ கையில சாமியே எறங்கியிருக்கும்."

உமாதேவியிடம் இந்த வித்தை பலிக்காது. என்ன ஏற்றினாலும் கூடவே வைத்துக்கொண்டு வந்து கடைசியில் காட்டச் சொல்லுவார். "அடுத்தவ சீட்டுல என்ன இருக்குன்னு பாக்காட்டி அவளுக்குத் தூக்கம் வராது. அவகிட்டப் பொய் சொல்லி என்ன புண்ணியம்?" ஆகவே உமாதேவியோடு ஆடும்போது சங்கிலியம்மாள் சத்தியவந்தி. நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஏற்றுவார்.

மிச்சமிருப்பது முத்துராஜா. அவனுக்கு ஏற்ற மட்டும்தான் தெரியும். நல்ல சீட்டோ நாசமாய்ப் போன சீட்டோ, கொட்டை குவியும். "கவுக்கிறதெல்லாம் பொம்பளைக வேல அயித்தை" என்று சிரிப்பான். அதே சிரிப்போடுதான் ஜீப்பையும் ஓட்டுவான். ஏறும்போது நல்ல பிள்ளை. இறங்கும்போது மெட்டு தாண்டியதும் நியூட்ரலில் போட்டு வண்டியை அதன் போக்கில் விட்டுவிடுவான். டீசல் மிச்சம். வளைவுக்கு வளைவு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு, இடது கையால் கிருதாவைத் தடவியபடி வருவான். கேட்டால், "மொதலாளி மெச்சிச் சொன்னாக, என் வண்டிதான் கொறச்ச டீசல் குடிக்குதாம்" என்று பெருமை வேறு.

போன மாதம் ஒரு மழை நாளில் பிரேக் கருகி நாற்றமடித்தது. ஒரு வளைவில் ஜீப் கைப்பிடிச் சுவரில் உரசிக்கொண்டு போய் நின்றது. அன்றைக்குப் பின்பக்க விளிம்பில் இருந்தவள் சங்கிலியம்மாளின் மகள் பாண்டீஸ்வரி. அவளுடைய ஒரு செருப்பு பள்ளத்துக்குப் போய்விட்டது. செருப்போடு போயிற்று என்று எல்லாரும் சிரித்துவிட்டார்கள், பாண்டீஸ்வரி உட்பட. சங்கிலியம்மாளுக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. பயந்துவிட்டார். பயம் என்று யாராவது சொன்னால் கோபம் வரும், ஆனால் அது பயம்தான். அதன்பிறகு மலையிறங்கும்போது மற்றவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். அவர் மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு முத்துராஜாவின் இடது கையையே பார்த்துக்கொண்டு வருவார். வேறு ஜீப்பில் போகலாமே என்றால், தோட்டத்துக்கு ஆள் விடுகிறவரே அந்த ஜீப் முதலாளிதான். ஜீப்பை விட்டால் வேலையும் போய்விடும். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாயிற்று. கியரில் இறக்கு என்று சொன்னால் அவன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவான்.

போன வாரம் மறுபடியும் நல்ல மழை. ரைட்டர் கையை விரித்தார், சாக்கு விரிந்தது. சங்கிலியம்மாள் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, "ஏய்யா மருமகனே, இன்னைக்கு நீயும் நானும் மட்டும் ஆடுவமா?" என்றார்.

"முன் சீட்டுக்கா? ஓட்டுறவனே நான்தான அயித்தை!"

"முன் சீட்ட எவ கேட்டா? நான் செயிச்சா இந்தச் சீசன் பூராம் நீ ரெண்டாவது கியர்லதான் எறக்கணும்."

முத்துராஜா காதைச் சொறிந்தான். "நான் செயிச்சா?"

"நீயே சொல்லு."

"ஒருத்தரும் வாயத் தொறக்கப்பிடாது. மெதுவாப் போ, பாத்துப் போங்கிற பேச்சே இருக்கக் கூடாது. முக்கியமா நீங்க."

பெண்கள் சங்கிலியம்மாளைப் பார்த்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்பது எல்லாருக்கும் தெரியும். தோற்றால் வாயை மூடிக்கொண்டுதான் வருவார். பாண்டீஸ்வரி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். சங்கிலியம்மாள் சம்மதம் என்று டம்ளரை எடுத்துக் கொட்டையை அளந்தார். கொட்டை தீருகிறவர் தோற்றவர்.

உமாதேவி சீட்டுப் போட்டார். முதல் ஆட்டங்களில் சங்கிலியம்மாள் சீட்டை எடுத்துப் பார்ப்பதும் கவிழ்ப்பதுமாகவே இருந்தார். கொட்டை கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போயிற்று. "இன்னைக்கு அயித்தைக்குக் கை வரல" என்று முத்துராஜா காலை நீட்டி உட்கார்ந்தான்.

அடுத்த ஆட்டத்தில் சீட்டு விழுந்ததும் அவன் வழக்கம்போல எடுத்துப் பார்த்தான். மூக்கு லேசாக விடைத்தது. ஆம்லெட்டைக் கண்டால் விடைக்கிற அதே மூக்கு. சங்கிலியம்மாள் தன் சீட்டைத் தொடவில்லை. "நான் இருட்டு" என்று ஒரு கொட்டையை வைத்தார்.

அவன் இரண்டு வைத்தான். அவர் ஒன்று வைத்தார். அவன் நான்காக ஏற்றினான். அவர் இரண்டை எடுத்து வைத்துவிட்டு மழையைப் பார்த்தார். அவன் மறுபடி ஏற்றினான். அவர் அதில் பாதியை வைத்தார். ஒரு தடவைகூட அவராக ஏற்றவில்லை. முத்துராஜாவுக்கு இது புதிதாக இருந்தது. இதற்குள் யாராயிருந்தாலும் பதறிச் சீட்டைத் தூக்கியிருப்பார்கள். இன்னும் கொஞ்சம் மிரட்டினால் தூக்கிவிடுவார் என்று நினைத்து ஒரு கை அள்ளி வைத்தான்.

"யம்மா, ஒரு தடவ பாரும்மா" என்றாள் பாண்டீஸ்வரி. "எம்புட்டுப் போகுது பாரு."

சங்கிலியம்மாளின் கை சீட்டுப் பக்கம் போகத்தான் செய்தது. எதிரே நல்ல சீட்டு என்று அந்த மூக்கு சொல்லிவிட்டது. தன்னிடம் இருப்பது குப்பையாக இருந்தால்? பார்த்துவிட்டால் தைரியம் போய்விடும். கொட்டையும் இனி சரிசமமாக வைக்க வேண்டும். சங்கிலியம்மாள் இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, வலது கையால் அவன் வைத்ததில் பாதியை வைத்தார்.

"கவுத்துரு முத்துராஜா, மிச்சத்த வச்சு அடுத்த ஆட்டம் ஆடலாம்" என்றார் அய்யம்மாள். அவர் வாய் திறந்து யோசனை சொன்னதே பெரிய விஷயம். நல்ல யோசனையும்கூட. முத்துராஜா அவரை முறைத்துவிட்டு, முன்னால் இருந்ததை மொத்தமாக வழித்து நடுவில் தள்ளினான்.

சங்கிலியம்மாள் அதில் பாதியை நிதானமாக எடுத்து வைத்தார். அவர் முன்னால் இன்னும் கொஞ்சம் கொட்டை கிடந்தது. முத்துராஜாவின் முன்னால் சாக்குதான் இருந்தது.

"வைய்யி மருமகனே."

"ஒரு பிடி கைமாத்தாக் குடுங்க அயித்தை."

"அந்தப் பேச்சே கெடையாதுல்ல."

அவன் சீட்டை விரித்து எறிந்தான். இரண்டு ராஜா, ஒரு எட்டு. "ஜோடி ராஜா! இத வச்சுக்கிட்டுத் தோத்துருக்கேன். பாக்காமலே இம்புட்டுத் தூரம் ஏத்திக் கொண்டாந்துட்டீகளே!"

"நான் எங்கய்யா ஏத்துனேன்? ஏத்துனது பூராம் நீயி. ஏத்துனவன்தான் எறக்கணும். கியர்ல எறக்கு."

ஸ்டோர் முழுக்கச் சிரிப்பு. முத்துராஜாவும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. பிறகு குனிந்து, "சரி, ஒங்க சீட்டையாவது காட்டுங்க" என்றான். உமாதேவிக்கு அதைப் பார்க்காமல் உயிரே போய்விடும் போலிருந்தது, கை நீண்டுவிட்டது. சங்கிலியம்மாள் அதற்குள் மூன்று சீட்டையும் கவிழ்ந்தபடியே எடுத்துக் கட்டுக்குள் செருகிக் கலைத்துவிட்டார். அவரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. மெட்டு தாண்டியதும் முத்துராஜாவின் இடது கை பழக்கத்தில் கியர்க் கம்பிக்குப் போயிற்று. நியூட்ரலுக்கு இழுத்த கை அங்கேயே கொஞ்சம் தயங்கியது. அவன் ஏதோ முனகிக்கொண்டு இரண்டாவது கியரைப் போட்டான். எஞ்சின் உறுமி வண்டியை இழுத்துப் பிடித்து, மெல்ல இறக்க ஆரம்பித்தது. முன் சீட்டில் இருந்த சங்கிலியம்மாள் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே வந்தார். முதல் வளைவு வருவதற்குள் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.