இரண்டு வீட்டுத் தண்ணீர்

அறுபதுகளின் கடைசியில் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் என் கணவருக்குப் பால் கறக்கும் வேலை. பண்ணைக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். கிணறு வரிசையின் கோடியில். எங்கள் வீட்டுக்கு ஆறு குடம், பக்கத்து வீட்டுக்கு நாலு குடம். பத்தையும் நான்தான் சுமந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் கன்னடக்காரி, என்னைவிட இளையவள். பிள்ளை பெற்ற பிறகு காய்ச்சல் விட்டு விட்டு வந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். மாமியாருக்கு முட்டிவலி. முதல் நாள் பாவமே என்று இரண்டு குடம் ஊற்றினேன். அப்புறம் அது என் வேலையாகிவிட்டது.

பாவம் பார்த்து மட்டும்தான் செய்தேன் என்றால் பொய். ஓசூரிலிருந்து சைக்கிளில் வந்து எங்கள் நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஜெபக்கூட்டம் நடத்தும் உபதேசியார் ஒருவர் இருந்தார். "அக்கம்பக்கத்துல யாருக்கு ஆண்டவரைச் சொன்னீங்க?" என்று வாராவாரம் கேட்பார். எனக்குப் பேச வராது. கன்னடமோ அரைகுறை. பேச வராவிட்டால் என்ன, தண்ணீர் ஊற்றுகிறவளைப் பார்த்து அவளே ஒருநாள் "உங்க சாமி யாருக்கா?" என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். மூன்று மாதமாகியும் அவள் கேட்கவில்லை.

"இடுப்பு ஒடிஞ்சி நீ படுத்துட்டா நம்ம வூட்டுக்கு எந்த ஆண்டவரு வந்து தண்ணி எடுப்பாரு?" என்று கணவர் கேலி செய்வார். பதில் சொல்லக்கூட அலுப்பாக இருக்கும். ஜெபிக்க முழங்காலிட்டால் ஆமென் வருவதற்குள் பாயில் சாய்ந்து தூங்கிவிடுவேன்.

ஒரு காலை தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"உங்க விஸ்வாசம் எனக்கு வேணும்க்கா. சாகற மட்டும் வேணும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பட்ட பாடு வீண்போகவில்லை என்று அந்த வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். உபதேசியார் சும்மா இருப்பாரா? அடுத்த நாளே வேதாகமத்தோடு அவள் வாசலில் வந்து நின்றார். நானும் பெருமையாகப் பின்னால் நின்றேன்.

"விசுவாசத்துக்குள்ள வந்துட்டியாமே, சந்தோசம்மா. ஞானஸ்நானம் எப்ப எடுத்துக்கற?"

அவள் புரியாமல் விழித்தாள். மாமியாருக்குப் புரிந்துவிட்டது.

"மதம் மாத்தறதுக்கா இத்தனை நாளு தண்ணி ஊத்துன?" என்று கிழவி என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"அய்யோ அக்கா, எங்க பாஷையில விஸ்வாசம்னா பிரியம். உங்க பிரியம் எப்பவும் வேணும்னுதானே சொன்னேன்?" என்று அவள் படுத்தபடியே அழுதாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அன்று காலை வாசலில் நான் நிரப்பிய அண்டாவைக் கிழவி தள்ளிக் கவிழ்த்தாள். இனி இந்தப் படி ஏறாதே என்றாள். உபதேசியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை. இன்றைக்கு ஆறு குடம்தான் என்ற நிம்மதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அவள் முகம் அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

நாலாம் நாள் கிழவி கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அரைக்குடம் தண்ணீர். அதைக்கூடத் தூக்க முடியவில்லை. மருமகளுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். நான் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தத் தண்ணிக்கு வெலையா எங்க மருமகளக் கேக்க மாட்டியே?"

"கேக்க மாட்டேம்மா."

அவள் முந்தானையை விட்டாள். நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மாதமாக ஊற்றிய ஒவ்வொரு குடத்துக்கும் நான் அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.