சாவியை எடுத்த பிறகும் ஓடிய கார்

டீசல் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் சொந்தக்காரருக்குத்தான் தலைவலி. நிற்காவிட்டால் ஊருக்கே தலைவலி. இதை நான் கற்றுக்கொண்டது என்னை மாப்பிள்ளை பார்க்க வந்த அன்றைக்கு.

அப்போது மாம்புரியில் கராஜ் போட்டு இரண்டு வருடம். வண்ணாத்திவில்லுவிலிருந்து ஸலாம் ஹாஜியார் தன் மூத்த மகள் ஸபீனாவுக்காக என்னைப் பார்க்க வந்தார். ஐந்து பேர், ஒரு பழைய டீசல் கார். முழங்கால் வருத்தம் என்பதால் கிளச் இல்லாத ஒட்டோ கியர் கார்தான் ஓட்டுவார். சாப்பாடு முடிந்தது, இனிப்புக்கு வைத்த வட்டிலப்பமும் முடிந்தது. பெண்ணின் படத்தை உம்மா முதலே காட்டியிருந்தார். என் மனது அன்றைக்கே வண்ணாத்திவில்லுவுக்குப் போய்விட்டது. ஹாஜியார் மட்டும், "வீட்ட போய் யோசிச்சி செல்றன்" என்று எழும்பினார். காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். படித்த கேள்வியே பரீட்சையில் வந்த மாதிரி. சேர்ட் கையை மடித்துக்கொண்டு பொனட்டைத் திறந்தேன்.

தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் இதைக் கவனியுங்கள். ஸ்டார்ட்டர் பலமாகச் சுற்றியது, ஆகவே பெட்டரி நல்லது. சைலன்சரில் துளி புகை இல்லை, ஆகவே எஞ்சினுக்கு டீசல் போகவில்லை. டீசல் பம்பில் சொலினொயிட் என்று ஒன்று இருக்கும். சாவியைப் போட்டால் அது 'டிக்' என்று ஒரு சின்ன ஊசியை இழுத்து டீசலுக்கு வழி விடும். சாவியை எடுத்தால் ஊசி திரும்பி வந்து வழியை அடைக்கும், எஞ்சின் நிற்கும். காது கொடுத்துக் கேட்டேன். டிக் இல்லை. வயரில் கரண்ட் இருந்தது. செத்துப்போனது சொலினொயிட்தான்.

புதியது ஒன்று புத்தளத்தில் வாங்கி வர இரண்டு மணித்தியாலம் வேண்டும். மாப்பிள்ளை கெட்டிக்காரன் என்று காட்ட எனக்கு இருந்ததோ இரண்டு நிமிடம். ஊசியையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, வெறும் கூட்டை மட்டும் திருப்பிப் பூட்டினேன். கார் உடனே பிடித்தது.

"மாஷா அல்லாஹ்! கைராசிக்காரன்!" என்றார் ஹாஜியார்.

இது தற்காலிக வேலை, இனிச் சாவியை எடுத்தாலும் எஞ்சின் நிற்காது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயையும் திறந்தேன். ஆனால் அப்படி ஒரு பாராட்டுக்குப் பிறகு 'தற்காலிகம்' என்று சொல்ல மனம் வரவில்லை. ஸலாம் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வரும்போது போன் அடித்தது.

"மகன், சாவி என்ட கையில ஈக்குது. கார் ஓடிக்கிட்டு ஈக்குது!"

"டேங்க்ல டீசல் எவ்வளவு ஈக்குது, ஹாஜியார்?"

"காலையிலதான் நிறைய அடிச்சன். நாளைக்கும் ஓடும்! பெட்டரி வயரையும் கழட்டிட்டம், அப்பவும் ஓடுது. ஜின் எண்டு செல்லி அயலாக்கள் வாசல்ல நிண்டு ஓதுறாங்க!"

கிளச் உள்ள காரென்றால் டொப் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளச்சை விட்டால் எஞ்சின் செத்துவிடும். ஒட்டோ காரில் அந்த வழியும் இல்லை. மிச்சம் இருப்பது எஞ்சினுக்குப் போகும் காற்றை அடைப்பதுதான். ஆனால் நான் எதைச் சொன்னாலும் அந்த இரைச்சலில் ஹாஜியார் "என்ன? என்ன?" என்றார். திடீரென்று ஒரு பெண் குரல் கேட்டது.

"வாப்பாக்குக் கேக்குதில்ல. எனக்குச் செல்லுங்க, என்ன செய்யணும்?"

ஸபீனா! கல்யாணம் பேசும் பெண்ணோடு முதல் தடவையாகக் கதைக்கிறேன். கதைத்தது எயார் கிளீனரைப் பற்றி.

"எயார் கிளீனர் பைப்பைக் கழட்டுங்க. எஞ்சின் பக்கத்து வாயில கைய மட்டும் வெச்சிராதீங்க, இழுத்துப்போடும். தட்டையா ஒரு பலகைய வெச்சி இறுக்கி மூடுங்க."

"மரக்கறி வெட்டுற பலகை ஈக்குது. சரியா?"

"சரி."

போனில் எஞ்சினின் ஒரு குலுக்கல், ஒரு இருமல், பிறகு அமைதி. பின்னால் யாரோ 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னார்கள்.

"நிண்டுட்டு" என்றாள். "இப்ப செல்லுங்க, நீங்க என்னத்தக் கழட்டினீங்க?"

பழைய கார், என்னவும் நடக்கும் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனாலும் ஒன்று விடாமல் சொன்னேன். இந்தச் சம்பந்தம் இதோடு சரி என்றே நினைத்தேன்.

"நாளைக்கு வந்து நீங்களே பூட்டுங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் புது சொலினொயிட்டோடு போனேன். ஹாஜியார் சிரிக்கவில்லை. பூட்டி முடித்ததும் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஓதிய அயலாக்கள் அத்தனை பேரும் பார்த்திருக்க, "போடு", "நிப்பாட்டு" என்று பதினொரு தடவை செய்வித்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பி, "என்ன மகள் செல்றீங்க?" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "கேட்டதும் உண்மையச் செல்லிட்டார், வாப்பா. ஆனா நாமதான் கேக்கணும்."

ஆகவே வாகனத்தைத் திருப்பிக் கொடுக்க முன், சொந்தக்காரர் பார்க்க ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, ஒரு தடவை நிறுத்தியும் காட்டுங்கள். எதைக் கழற்றினீர்கள் என்று கேட்க முன்னமே சொல்லுங்கள். எனக்கு இந்தப் பாடம் மறக்க வழியில்லை. கராஜுக்கு வருபவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது ஸபீனா இன்றைக்கும் சொல்வாள்:

"இவர் 'சரி' எண்டு செல்லிட்டா உடனே போயிராதீங்க. என்னத்தக் கழட்டினார் எண்டு கேட்டுட்டுப் போங்க."