சஹனில் அடுக்கிய மோட்டார் சைக்கிள்

எங்கள் குடும்பத்தில் நான்தான் மூளைக்காரி. படித்து வாங்கிய பெயர் அல்ல. ஒன்பது வயதில், கழற்றிக் கிடந்த வாப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பூட்டி ஓட வைத்ததற்காகக் கிடைத்த பெயர். இவ்வளவு காலமாக அதை நான் வெட்கமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. ராத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் சாய்ந்தமருதுப் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படி மருதமுனையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு கட்டுப் புத்தகத்தோடும் வந்து சேர்ந்தவர் மச்சான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் வீட்டில் அவர் நாற்காலியின் நுனியில்தான் இருப்பார். முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்து நான் கண்டதில்லை.

அது உம்மா பிடிவாதமாக நின்று செய்த சம்பந்தம். வாப்பாவுக்கு அரை மனதுதான். நெல் வயல்காரருக்கு வயலில் இறங்கக்கூடிய மருமகன்தான் வேண்டியிருந்தது. "புத்தகம் தூக்குற கை மம்பட்டி தூக்குமா?" என்று கல்யாணத்துக்கு முதல் நாள்கூடக் கேட்டார். உம்மா அந்தக் கேள்வியை மறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். புது மருமகனுக்கு முன்னால் மாமியார் வந்து நிற்பதும் முகம் பார்த்துக் கதைப்பதும் எங்களிடம் வழக்கமில்லை. உம்மா குசினிக்குள்ளே அடுப்படியில் இருப்பார். மச்சான் முன்பக்கம் இருப்பார். நடுவில் நான் ஓடுவேன். "சோறு ஆறுது எண்டு மச்சானுக்குச் சொல்லு", "மீன் இன்னும் ஒரு துண்டு வைக்கவா எண்டு கேளு" என்று நாள் முழுக்க எனக்கு அதுதான் வேலை. போதும் என்று மச்சான் சொல்வதைப் பாதி வழியிலேயே விட்டுவிட்டு, அந்த மீன் துண்டை நானே தின்றதும் உண்டு.

அந்த வருடம் நெல் வெள்ளாமை வெட்டு நேரத்தில் வாப்பாவின் மோட்டார் சைக்கிள் சோம்பல் பிடித்துக்கொண்டது. எஞ்சின் கத்தும், ஆள் ஏறினால் வண்டி நகராது. கிளச் தேய்ந்துவிட்டது என்றார் வாப்பா. "வெள்ளிக்கிழம வந்து பாஸக் கூட்டி வந்து காட்டுவம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு டிராக்டரில் ஏறி வயலில் தங்கப் போய்விட்டார். பாஸ் என்றால் எங்கள் ஊரில் மெக்கானிக். பள்ளிக்கூடம் விடுமுறை. மச்சான் இரண்டு நாள் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் புதன்கிழமை, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். வாப்பா வரும்போது வண்டி ஓடவேண்டும். இந்த வீட்டில் தான் சோறு தின்ன மட்டும் வந்தவனில்லை என்று தெரியவேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

முதல் கோளாறு ஒயில் வடிப்பதில் நடந்தது. பக்கத்தில் கிடந்த ஒரு மண்சட்டியில் கறுப்பு ஒயிலை வடித்துவிட்டார். அது உம்மா மீன் ஆணம் காய்ச்சும் சட்டி, கழுவிக் காய வைத்திருந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னதும் உம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அது வெடிச்ச சட்டி, எறியத்தான் வெச்சிருந்த எண்டு சொல்லு" என்றார். அந்தச் சட்டியில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை.

வீட்டைச் சுற்றிய எங்கள் வளவு முழுக்கக் கடற்கரை மணல். அதனால் மச்சான் மாமரத்தின் கீழ் ஒரு பன்பாயை விரித்து, கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய ஒழுங்கிலேயே வரிசையாக வைத்தார். மூடி, ஆணிகள், ஸ்பிரிங்குகள், பிறகு வட்ட வட்டமான கிளச் தட்டுகள். கடைசியிலிருந்து திரும்பிப் பூட்டிக்கொண்டு வந்தால் வேலை முடிந்தது என்று எனக்கு விளக்கினார். தட்டுகளை அரத்தாளால் தேய்த்து அதே இடங்களில் வைத்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. கையைக் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

ராத்தா அப்போதுதான் வெளியே வந்தாள். புருஷன் தனியாக வேலை செய்கிறாரே, நாமும் ஒரு கை கொடுப்போம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பாயில் கிடந்ததையெல்லாம் வாரிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரமும் தும்பும் போட்டுத் தேய்த்தாள். விருந்துக்கு ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு, சஹன், கல்யாணத்துக்கு வாங்கியது ஒன்று வீட்டில் இருந்தது. அதை எடுத்து வந்து எல்லாவற்றையும் அதில் அடுக்கினாள். கறுப்புத் தட்டுகள் ஒரு பக்கம், வெள்ளைத் தட்டுகள் ஒரு பக்கம், ஸ்பிரிங்குகள் நடுவில், ஆணிகள் சுற்றிவர. நெய்ச்சோறு வைத்தால்கூட அந்தச் சஹன் அப்படி மின்னியிருக்காது. மூடிக்கு உள்ளே ஒட்டியிருந்த கடதாசி வளையத்தைக் குப்பை என்று அடுப்பில் போட்டாள்.

மச்சான் திரும்பி வந்து சஹனுக்கு முன்னால் நின்றார். ராத்தா கதவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல வடிவா இரிக்கி" என்றார் மச்சான்.

அவர் முகத்தில் இரத்தமே இல்லை. ராத்தா சந்தோஷமாக உள்ளே போனாள். 

அன்று பின்னேரமும் மறுநாள் காலையும் அவர் பூட்டினார், கழற்றினார், மறுபடி பூட்டினார். எரிந்துபோன கடதாசி வளையத்துக்குப் பதிலாக என் கணக்குக் கொப்பியின் மட்டையை வெட்டினார். நான் அதை மனதாரக் கொடுத்தேன், கொப்பியோடு சேர்த்துக் கொடுக்கவும் தயாராக இருந்தேன். கடைசியில் எஞ்சின் கிளம்பியது. பெரிய சத்தத்தோடு உறுமியது. மச்சான் கியரைப் போட்டார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டார், "மாப்புள, வண்டி நிண்டே ஓடுதா?" என்று கேட்டார். மச்சான் சிரிக்க முயன்றார். வியாழக்கிழமை மத்தியானம் ஆகியிருந்தது. மறுநாள் காலை வாப்பா வந்துவிடுவார்.

மச்சான் சாப்பிட வரவில்லை. கூப்பிடப் போனேன். மாமரத்தடியில் குந்தியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. குசினிக்கு வந்து, "மச்சான் அவர்ட வீட்டுக்குப் போயிருவாரா உம்மா?" என்று கேட்டேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே தோன்றிய பயம்தான் அது.

உம்மா தென்னோலைக் கிடுகுச் சுவரின் ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கு நேரே மாமரம். புதன்கிழமை முழுவதும் தேங்காய் துருவும்போதும் அரிசி புடைக்கும்போதும் அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"போய்ச் சொல்லு மகள்" என்றார் மெதுவாக. "கறுப்ப எல்லாம் ஒண்டா வைக்கிறல்ல. கறுப்பு ஒண்டு, அதுக்கு மேல வெள்ள ஒண்டு, திரும்பக் கறுப்பு. கழட்டக்குள்ள கடைசியா வந்தது கறுப்பு. அதுதான் முதல் போகணும்."

நான் ஓடப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "உம்மா சொன்ன எண்டு சொல்லிராத. நீ பார்த்துக்கொண்டு நிண்ட எண்டு சொல்லு."

போய்ச் சொன்னேன். மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிக் குசினிப் பக்கம் பார்த்தார்.

"இது ஆரு புள்ள சொன்ன?"

"நான்தான். நான் பார்த்துக்கொண்டு நிண்ட."

மூடியைக் கழற்றினார். கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று தட்டுகள் உள்ளே போயின. "அடுத்தது என்ன புள்ள? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார். எனக்குத் தாகம் எடுத்தது. குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "ஸ்பிரிங்குக்கு மேலதான் அந்தச் சின்ன வளையம். கீழ இல்ல" என்றேன். அன்று பின்னேரம் எனக்கு ஐந்து தடவை தாகம் எடுத்தது. ஐந்து தடவையும் மச்சான் ஆணி முறுக்கும் சாவியைக் கையில் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். ஏன் இந்தப் பிள்ளை இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளை, மச்சானுக்கு அவ்வளவு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேர அஸர் தொழுகையின் பாங்குக்கு முன் வண்டி வளவை ஒரு சுற்றுச் சுற்றியது. என்னை ஏற்றி இன்னொரு சுற்று. ராத்தா வாசலில் நின்று கைதட்டினாள். தான் அழுக்குப்போகக் கழுவிக் கொடுத்ததால்தான் அது ஓடியது என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். அவளிடம் மறுத்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமை வாப்பா வந்தார். நடந்ததைக் கேட்டார். வண்டியை உதைத்துக் கடற்கரை வீதி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்துக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டவர், வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "நீங்க ஓட்டுங்க மருமகன், நான் பின்னால ஏறுறன்" என்றார். மச்சான் இரண்டு தடவை உதைத்தும் வண்டி கிளம்பவில்லை. சாறனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். மூன்றாம் தடவை கிளம்பியது. பின்னால் உட்கார்ந்து மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வாப்பா போனதை, உம்மா கிடுகு ஓட்டையால் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுப்பில் புகை இல்லை. அதை நான் கவனித்தேன், கேட்கவில்லை.

எனக்கு விளங்காமல் போன ஒன்று உண்டு. வியாழக்கிழமை, கடைசி ஆணியை முறுக்கி முடித்ததும் மச்சான் எழுந்து நின்று, "உனக்குச் சரியான மூள புள்ள! இந்த வீட்டுல நீ இல்லாட்டி என்ட மானம் போயிருக்கும். உசிர் உள்ள வரைக்கும் மறக்கமாட்டன்!" என்று சொன்னார். நான் அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். எஞ்சினும் அப்போது ஓடவில்லை. அப்படியிருந்தும் வளவு முழுக்கக் கேட்கும்படி, குசினிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, அவர் ஏன் அவ்வளவு சத்தம் போட்டுச் சொன்னார் என்றுதான் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.