இனாம் டீ

இன்று காலை எங்கள் பவானிபூர் தெருவில் தேயிலைக் கம்பெனி வண்டி ஒன்று வந்து நின்றது. மணியடித்துக் கூட்டம் சேர்த்தார்கள். ஆளுக்கொரு கோப்பை டீ, இனாம்! "குடியுங்கள் பாபு, உடம்புக்கு நல்லது" என்று வங்காள மொழியில் உபசாரம் வேறு. எனக்கு வயிறு எரிந்தது. சீமையில் சரக்கு விலை போகவில்லையாம். அதனால்தான் இப்போது துரைமாருக்கு நம் ஞாபகம் வந்திருக்கிறது.

முப்பது வருஷத்துக்கு முன், இந்த நூற்றாண்டு பிறந்த புதிதில், நான் கிடர்பூர் தேயிலைக் கிடங்கில் குமாஸ்தா. டார்ஜிலிங் பெட்டிகள் கப்பலேறும் வரை கணக்கு எழுதுவது என் வேலை. சட்டையெல்லாம் அந்த வாசனைதான். வீட்டில் மட்டும் ஒரு சிட்டிகை கிடையாது. என் மனைவி செல்லம் காப்பி குடித்து வளர்ந்தவள். எதிர்வீட்டு வங்காளி அம்மாள், அண்ணி முறையில் எங்களுக்குப் பவுதி, தன் கொழுந்தன் டார்ஜிலிங் மலையிலிருந்து கொண்டுவந்த இலையில் ஒருநாள் டீ போட்டுக்கொடுத்தாள். அவ்வளவுதான், செல்லத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

"ஏங்க, பெட்டி பெட்டியாக் கப்பல்ல ஏத்துறீங்களே, நமக்கு ஒரு பிடி கெடைக்காதா?"

கடை கடையாக ஏறி இறங்கினோம். கிடங்கில் துரைமார் இலையைக் கையில் மூடி, மூச்சை ஊதி, சூடேறியதும் முகர்ந்து பார்ப்பார்கள். இதைப் போய் அவளிடம் சொன்னேன். "ஊதுனா எச்சிலாயிடும்" என்று இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திவைத்தே சூடாக்குவாள். அதுவரை கடைக்காரனும் நானும் தேவுடு காக்க வேண்டும். முதல் தரம் என்று ஒரு மளிகைக்காரன் கொடுத்த இலையை ஈரத்துணியில் பரப்பினாள். பச்சைத்தண்ணீரிலேயே கருப்புச் சாயம் ஓடியது. ஓட்டலில் கொதித்து முடிந்த சக்கைக்குச் சாயம் ஏற்றியிருந்தான்! துணியோடு போய் அவன் கல்லாவின் மேல் போட்டாள். "இத உங்க வீட்டுல குடிப்பீங்களா?" என்று தமிழிலேயே கேட்டாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

கடைசியில் பௌபஜாரில் ஒரு சீனாக்காரர் கடை. காய்ந்த மீனுக்கும் காளானுக்கும் நடுவே ஈயத் தகடு போட்ட தேயிலைப் பெட்டிகள். அவள் கை பொத்தி நின்றதை அவர் சிரிக்காமல் பார்த்தார். நல்ல இலைதான். "ஆனா பவுதி வீட்டு வாசனை இல்லீங்க" என்றாள். சீனத்திலிருந்து கடல் தாண்டி வந்தது கிடைக்கிறது, நம் மலையில் விளைந்தது கிடைக்கவில்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

பிறகு அவளுக்கு விடாத காய்ச்சல். கஞ்சியைத் தள்ளிவிட்டு, "அந்த டீ ஒரு வாய் இருந்தாத் தேவல" என்றாள். பவுதி குடும்பம் அதற்குள் டாக்காவுக்குப் போயிருந்தது. நான் கிடங்குத் துரையிடம் போய், ஒரு பிடி இலை கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி கெஞ்சினேன். "இது உங்கள் நாக்குக்கு அல்ல, பாபு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மழைக்காலம் முடியுமுன் செல்லம் போய்விட்டாள்.

இன்று வண்டிக்காரனிடம் கொஞ்சம் இலை கேட்டேன். அள்ளிக் கொடுத்தான். ஊதவில்லை, அவளைப் போலவே பொத்திவைத்து முகர்ந்தேன்.

அதேதான், பவுதி வீட்டு வாசனை.

சீனாக்காரர் கடை இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் விற்கிறார்கள். கிடங்கும் கைமாறிவிட்டது. "ஒரு கோப்பை, பாபு?" என்றான் வண்டிக்காரன். செல்லம் இருந்திருந்தால் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, அப்புறம் அவனை வார்த்தையால் கிழித்திருப்பாள். நான் கோப்பையை வாங்கினேன், குடிக்கவில்லை. அவன் இனாமை அவன் கண்ணெதிரே சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தேன்.